கடை பில் மென்பொருளில் தரவுத்தளத்தை முழுதாகப் பூட்ட எந்த வழி நல்லது?

2022 மார்ச் கடைசிக் கிழமை. ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த காலம். புறக்கோட்டையில் கெய்சர் வீதிக்கு அருகே ஒரு புடவைக் கடை. கீழே நான்கு பில் கவுண்டர்கள், மேல்மாடியில் கணக்குப்பிள்ளை ஐயாவின் கணினி. வருட முடிவு ஸ்டொக் கணக்கை மூடுவதற்கு நான் எழுதிக்கொடுத்த பகுதியை ஐயா அன்று பின்னேரம் ஓடவிட்டார். பாதியில் கரண்ட் போய்விட்டது. நாள் முழுக்க வேலை செய்து களைத்திருந்த யூபிஎஸ் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஐயாவும் நாளைக்குப் பார்ப்போம் என்று கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை நான்கு கவுண்டரிலும் ஒரே வசனம்: "கணக்கு மூடப்படுகிறது, காத்திருக்கவும்." சித்திரை வருடப்பிறப்பு வியாபாரம் தொடங்கிவிட்டது. காஷியர் பிள்ளை திரையைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு உடனேயே அழைத்தா. "அண்ணா, ஆறு பேர் சாமானோட நிக்கிறாங்க. கையால பில் எழுதிக் குடுக்கவா?"

எழுதிக் கொடுக்கச் சொன்னேன். எங்கள் வீட்டிலும் கரண்ட் இல்லாததால் தூரத்திலிருந்து திருத்த வழியில்லை. வெள்ளவத்தையில் 101 பஸ் ஏறிப் போய், அமைப்பு அட்டவணையில் ஒரு நிரையில் 'மூடல் நடக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்த 1ஐ 0 ஆக்கினேன். அதற்கு ஒரு நிமிடம்தான் பிடித்தது. ஆனால் அந்த 1ஐ அங்கே வைத்தவன் நான். பூட்டியவரின் கணினி அணைந்தால் பூட்டைத் திறப்பது யார் என்று எழுதும்போதே நான் யோசிக்கவில்லை. கையால் எழுதிய அந்த நாற்பது ஐம்பது பில்லையும் அந்தப் பிள்ளை இரவு எட்டு மணி வரை இருந்து மீண்டும் கணினியில் ஏற்றினா. அது இன்றைக்கும் எனக்கு மனதில் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு இந்த வேலைக்கு இருக்கிற வழிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். மேசைக் கணினியில் ஓடும் சின்ன மென்பொருள் எழுதுகிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவருக்காவது அந்த 101 பஸ் பயணம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதற்காகப் பூட்டுகிறோம்

முழுத் தரவுத்தளமும் ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டிய வேலைகள் ஒரு கடையில் மிகக் குறைவு. வருட முடிவு, மாத முடிவு மூடல் ஒன்று. விலைகளை மொத்தமாக மாற்றுவது இன்னொன்று. வற் வரி 2022 ஜூனில் 8இலிருந்து 12 சதவீதமானது, செப்டெம்பரில் 15 ஆனது, 2024 ஜனவரி 1இல் 18 ஆனது. வரி சேர்த்தே விலை ஒட்டுகிற கடைகளில் ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான பொருள்களின் விலையை ஒரே மூச்சில் மாற்ற வேண்டியிருந்தது. மூன்றாவது, மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போது அட்டவணைகளின் அமைப்பை மாற்றுவது.

பேக்கப்புக்குப் பூட்டுத் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தேவையில்லை. தனிச் சேர்வர் இல்லாமல் ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட்டில் அதற்கென்றே பேக்கப் வசதி இருக்கிறது. 2019இல் வந்த 3.27 பதிப்பிலிருந்து 'வேக்யூம் இன்டு' என்ற கட்டளையும் உண்டு. இரண்டுமே கவுண்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுமையான பிரதி எடுத்துத் தரும். ஒரு கணினியில் ஓடி மற்றக் கணினிகளுக்குத் தரவு கொடுக்கும் சேர்வர் வகைத் தரவுத்தளங்களுக்கும் அப்படித்தான். ஓடுகிற தரவுத்தளக் கோப்பை விண்டோஸில் கொப்பி பேஸ்ட் செய்து பேக்கப் எடுப்பவர்களுக்குத்தான் பூட்டு வேண்டியிருக்கிறது. அவர்கள் மாற்ற வேண்டியது பேக்கப் எடுக்கும் முறையை.

நான் எந்த வழியைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, பூட்டு வைத்திருப்பவர் செத்தால் அது தானாகத் திறக்குமா என்பதைத்தான். செத்தால் என்பது புரோகிராம் நின்றுபோவதையும் குறிக்கும், கரண்ட் போவதையும் குறிக்கும், கேபிள் கழன்றுபோவதையும் குறிக்கும். இவை மூன்றும் ஒன்று போலத் தெரியும். பூட்டுக்கு அவை ஒன்றல்ல.

கோப்பையே தனக்கென்று திறப்பது

மிக எளிய வழி இது. மைக்ரோசொஃப்ட் அக்சஸ் தரவுத்தளக் கோப்பை 'எக்ஸ்க்ளூசிவ்' ஆக, அதாவது தனக்கு மட்டும் என்று, திறந்தால் வேறு யாரும் உள்ளே வர முடியாது. யாராவது முன்பே உள்ளே இருந்தால் நமக்குத் திறக்காது. இடைநிலை என்று ஒன்றில்லை.

அக்சஸில் இதற்கு ஒரு கூடுதல் நன்மை உண்டு. பொதுவில் திறந்த கோப்பில் ஒரே ட்ரான்ஸாக்ஷனில், அதாவது முழுதும் நடக்கும் அல்லது ஒன்றுமே நடக்காது என்ற ஒரே கட்டில், ஆயிரக்கணக்கான நிரைகளை மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் பூட்டு எடுத்துக்கொண்டே போகும். வழக்கமான எல்லை ஒரு கோப்புக்கு 9,500 பூட்டு. அதைத் தாண்டினால் பிழைச்செய்தி காட்டி வேலை நின்றுவிடும். பத்தாயிரம் பொருள் உள்ள புடவைக் கடையில் இது கட்டாயம் நடக்கும், எங்களுக்கும் நடந்தது. தனியே திறந்த கோப்பில் அந்தச் சிக்கலே இல்லை. கோப்பைச் சுருக்கித் திருத்தும் 'கொம்பெக்ட் அன்ட் ரிப்பெயர்' செய்வதற்கும் எப்படியும் இந்தத் தனி உரிமை வேண்டும்.

பொதுவில் திறக்கும்போது கோப்புக்குப் பக்கத்தில் எல்டிபி அல்லது எல்ஏசிசிடிபி என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய எம்டிபி கோப்புக்கு முந்தியது, 2007 பதிப்போடு வந்த ஏசிசிடிபி கோப்புக்குப் பிந்தியது. உள்ளே ஒரு ஆளுக்கு 64 பைட். முதல் 32இல் கணினியின் பெயர், மற்ற 32இல் பயனர் பெயர். மூடல் வேலையின்போது 'யாரோ உள்ளே இருக்கிறார்' என்று மட்டும் சொல்லாமல், இந்தக் கோப்பைப் படித்து 'கவுண்டர் 3 இன்னும் உள்ளே இருக்கலாம்' என்று காட்டலாம். நான் காட்டுகிறேன். ஐயா மாடியிலிருந்து இறங்கி நான்கு இடத்தையும் பார்க்கத் தேவையில்லை, நேரே மூன்றாம் கவுண்டருக்குப் போகலாம். ஒருவர் வெளியேறிய பிறகும் அவர் பெயர் அதில் எஞ்சியிருக்கும். அதனால்தான் 'இருக்கலாம்' என்று போட்டிருக்கிறேன். கணினி திடீரென்று அணைந்தால் அந்தக் கோப்பு அழியாமல் கிடக்கும், ஆனாலும் கதவை அடைத்துக்கொண்டு நிற்காது. கோப்பு அங்கே இருப்பதைப் பூட்டாக அக்சஸ் எடுத்துக்கொள்வதில்லை. அதன் மேல் விண்டோஸ் வைத்திருக்கும் பூட்டுத்தான் உண்மையான பூட்டு.

எஸ்கியூலைட்டில் இதற்குச் சமமானது 'லொக்கிங் மோட்' என்ற அமைப்பை எக்ஸ்க்ளூசிவ் ஆக்குவது. பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. அந்த வரியை எழுதிய கணமே பூட்டு விழுந்துவிடாது. முதல்முறை வாசிக்கும்போது பகிர்வுப் பூட்டு வரும். முதல்முறை எழுதும்போதுதான் தனிப்பூட்டு வரும். வந்த பிறகு இணைப்பை மூடும்வரை, அல்லது அமைப்பை மீண்டும் சாதாரணத்துக்கு மாற்றி ஒருமுறை தரவுத்தளத்தைத் தொடும்வரை, விடாது. எனவே மென்பொருள் தொடங்கியதும் ஏதாவது ஒன்றை எழுதிப் பூட்டை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒரே கணினியில் ஒரே ஆள் பாவிக்கும் மென்பொருளுக்கு, உதாரணமாகச் செட்டியார் தெருவில் ஒரு சின்ன நகைக்கடையின் அடகுப் புத்தகத்துக்கு, இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை. மென்பொருளைத் தவறுதலாக இரண்டு முறை திறந்தால் இரண்டாவது நாகரிகமாக ஒதுங்கிக்கொள்ளும். கரண்ட் போனால் பூட்டும் சேர்ந்து போய்விடும், ஏனென்றால் பூட்டை வைத்திருப்பது கோப்பு அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ்.

நான்கு கவுண்டருக்கு இது சரிவராது. மூடல் வேலைக்காக எல்லாரையும் வெளியே அனுப்பினால்தான் உள்ளே நுழையலாம். ஏப்ரல் வியாபாரத்தில் யார் வெளியே போவார்கள்?

ட்ரான்ஸாக்ஷன் நீளத்துக்கு மட்டும் பூட்டுவது

எஸ்கியூலைட் பாவிப்பவர்களுக்குப் பெரும்பாலான நேரம் இதுவே போதும். ஆனால் இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எஸ்கியூலைட்டின் வழக்கமான முறையில் பூட்டு படிப்படியாக ஏறும். வாசிப்பவர் பகிர்வுப் பூட்டு எடுப்பார், அதை எத்தனை பேரும் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம். எழுத விரும்புபவர் 'ரிசேர்வ்ட்' என்ற அடுத்த படிக்குப் போவார், அங்கே ஒருவருக்குத்தான் இடம், மற்றவர்கள் தொடர்ந்து வாசிக்கலாம். கொமிட் செய்யும், அதாவது மாற்றங்களை நிரந்தரமாக்கும், நேரம் வரும்போது 'பென்டிங்', அதாவது புதிதாக யாரும் வாசிக்க வரக்கூடாது. உள்ளே இருப்பவர்கள் வெளியேறியதும் தனிப்பூட்டு, அப்போதுதான் கோப்பில் எழுதுவது.

வெறுமனே 'பிகின்' என்று தொடங்கினால் எந்தப் பூட்டும் எடுபடாது, தேவைப்படும்போது ஏறும். இதில்தான் பொறி இருக்கிறது. இரண்டு கவுண்டர்கள் ஒரே நேரத்தில் பகிர்வுப் பூட்டோடு ஸ்டொக்கை வாசிக்கின்றன. பிறகு இரண்டும் எழுத வருகின்றன. ஒன்று ரிசேர்வ்ட் எடுத்துவிட்டு மற்றது வாசிப்பை விடட்டும் என்று காத்திருக்கிறது. மற்றது தானும் ரிசேர்வ்ட் கேட்கிறது. இருவரும் விட்டுக்கொடுக்கப்போவதில்லை என்பது எஸ்கியூலைட்டுக்குத் தெரியும். அதனால் நீங்கள் எவ்வளவு காத்திருப்பு நேரம் கொடுத்திருந்தாலும் இரண்டாவது கவுண்டருக்கு உடனேயே 'தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது' என்ற பிழையைக் கொடுத்துவிடும். 'நான் 30 வினாடி காத்திருக்கச் சொன்னேனே, ஒரு கணம்கூட நிற்கவில்லையே' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மருந்து 'பிகின் இமீடியட்'. தொடக்கத்திலேயே ரிசேர்வ்ட் எடுத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் வரிசையில் நிற்கும். எழுதப்போகிற ஒவ்வொரு ட்ரான்ஸாக்ஷனையும் இப்படியே தொடங்குங்கள். 'பிகின் எக்ஸ்க்ளூசிவ்' இன்னும் ஒரு படி மேலே போய் வாசிப்பவர்களையும் தடுக்கும். ஆனால் 'வால்' (WAL) முறையில், அதாவது மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பு ஒன்றில் எழுதும், 2010இல் 3.7 பதிப்போடு வந்த முறையில், இமீடியட்டுக்கும் எக்ஸ்க்ளூசிவுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டிலும் வாசிப்பவர்கள் பழைய நிலையை வாசித்துக்கொண்டே இருப்பார்கள். 'எக்ஸ்க்ளூசிவ் என்று எழுதியிருக்கிறேன், யாரும் வாசிக்க மாட்டார்கள்' என்று நம்பி மூடல் வேலையை எழுதியிருந்தால் இந்த இடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

காத்திருப்பு நேரத்தையும் கவனியுங்கள். எஸ்கியூலைட்டின் சொந்த வழக்கம் பூச்சியம், கேட்டுக் கிடைக்காவிட்டால் உடனே பிழை. பைத்தனில் அது 5 வினாடி. மைக்ரோசொஃப்டின் டாட்நெட் நூலகத்தில் 30 வினாடி. ஒரே தரவுத்தளத்தை பைத்தனில் எழுதிய அறிக்கைக் கருவியும் டாட்நெட்டில் எழுதிய பில் திரையும் தொடுகிற கடையில், ஒன்று அழும், மற்றது அமைதியாக நிற்கும்.

பதிப்பு மாற்றத்துக்கு இந்த வழி மிக அழகாகப் பொருந்தும். திங்கள் காலை இரண்டு கவுண்டர்கள் ஒரே நேரத்தில் புதிய பதிப்பைத் திறக்கின்றன என்று வைப்போம். இரண்டும் தரவுத்தளத்தின் பதிப்பு எண்ணைப் பார்க்கின்றன: 7. இரண்டும் 8ஆக்க வேண்டும் என்று முடிவெடுத்து ஒரே நிரலைச் சேர்க்கப் போகின்றன. ஒன்று சேர்த்துவிடும், மற்றது 'இந்த நிரல் ஏற்கனவே இருக்கிறது' என்று விழும். இமீடியட்டோடு தொடங்கி, பூட்டுக் கிடைத்த பிறகு பதிப்பு எண்ணை மறுபடியும் வாசியுங்கள். இதற்குள் 8 ஆகியிருந்தால் ஒன்றும் செய்யாமல் வெளியேறுங்கள். எஸ்கியூலைட்டிலும் சேர்வர் வகையைச் சேர்ந்த போஸ்ட்கிரெஸிலும் அட்டவணை அமைப்பு மாற்றமும் ட்ரான்ஸாக்ஷனுக்குள் அடங்கும், பாதியில் நின்றால் முழுதும் திரும்பிவிடும். இன்னொரு சேர்வர் வகையான மைஎஸ்கியூஎல்லில் அப்படி இல்லை. அங்கே அமைப்பு மாற்றக் கட்டளை வந்ததும் அதற்கு முன் செய்தவை தானாகவே கொமிட் ஆகிவிடும்.

இனி, எஸ்கியூலைட் கோப்பை வலையமைப்பிலுள்ள பொதுக் கோப்புறையில் வைத்து நான்கு கணினியிலிருந்து திறப்பது. தயவுசெய்து வேண்டாம். அதன் பூட்டுகள் முழுக்க இயங்குதளத்தின் கோப்புப் பூட்டுகளை நம்பி நிற்பவை. வலையமைப்புக் கோப்புமுறைகளில் அவை எப்போதும் சொன்னபடி நடப்பதில்லை என்று எஸ்கியூலைட்டை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள். வால் முறை இன்னும் கண்டிப்பானது. அதைப் பாவிப்பவர்கள் அனைவரும் ஒரே கணினியின் நினைவகத்தைப் பகிர வேண்டும், ஆகவே வலையமைப்பில் அது ஓடவே ஓடாது. பூட்டுச் சரியாக வேலை செய்யாவிட்டால் பிழைச்செய்தி வராது. ஒருநாள் கோப்புச் சிதைந்திருக்கும், அவ்வளவுதான்.

அடையாளக் குறியும் பூட்டுக் கோப்பும்

நான் மார்ச்சில் மாட்டிக்கொண்டது இதில். அட்டவணையில் 'மூடல் நடக்கிறது = 1' என்று ஒரு நிரை. ஒவ்வொரு கவுண்டரும் பில் அடிக்குமுன் அதைப் பார்க்கும். எழுத மிகச் சுலபம், எந்தத் தரவுத்தளத்திலும் ஓடும், யாருக்கும் விளங்கும். அதனால்தான் எல்லாரும் முதலில் இதையே எழுதுகிறோம்.

இதன் குறை அடியிலேயே இருக்கிறது. அந்த 1 மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் அது கொமிட் ஆக வேண்டும். கொமிட் ஆனது கரண்ட் போனாலும் நிலைக்கும், அதற்காகத்தானே தரவுத்தளம் வைத்திருக்கிறோம். அன்று ஐயாவின் மூடல் வேலை ட்ரான்ஸாக்ஷனுக்குள் இருந்ததால் ஒன்றும் எழுதப்படாமல் பழையபடி இருந்தது. வெளியே தனியாக எழுதப்பட்ட அந்த 1 மட்டும் அசையாமல் நின்றது. கூடவே நேரத்தையும் எழுதி, அரை மணிநேரத்துக்கு மேல் பழைய குறியைப் புறக்கணிக்கலாம் என்பார்கள். அப்போது 35 நிமிடம் எடுக்கிற உண்மையான மூடலுக்கு நடுவில் கவுண்டர்கள் உள்ளே நுழைந்துவிடும். நான்கு கணினியின் கடிகாரமும் ஒன்றுபோல ஓடும் என்ற நம்பிக்கையும் இதற்கு வேண்டும். புறக்கோட்டையில் பழைய கணினிகளின் பேட்டரி செத்து, திகதி பல வருடம் பின்னால் போய் நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

தனியாக ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்குவதும் இதே குறையோடுதான் வரும். ஆனால் அதைச் சரியாகச் செய்ய விண்டோஸில் ஒரு வழி உண்டு. கோப்பை யாரோடும் பகிராமல் திறந்து, மூடும்போது அழித்துவிடு என்ற கட்டளையையும் சேர்த்து, வேலை முடியும்வரை திறந்தபடியே வைத்திருப்பது. புரோகிராம் விழுந்தால் திறந்திருந்த அந்தக் கோப்பை விண்டோஸே மூடும், கோப்பும் போய்விடும். அக்சஸ் தரவுத்தளத்தை விட்டு உடனே வெளியேற முடியாத கடைகளுக்கு நான் இடைக்காலத் தீர்வாக இதைத்தான் போட்டுக்கொடுத்தேன். ஒரு கணினி கரண்ட் போய் அணைந்தால், கோப்புறையைப் பகிரும் கணினி கொஞ்ச நேரம் அந்தக் கோப்பு இன்னும் திறந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அவசரமென்றால் அந்தக் கணினியில் 'கொம்பியூட்டர் மனேஜ்மன்ட்' திரைக்குப் போய், பகிர்ந்த கோப்புறைகளின் கீழே திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியலில் அதைத் தேடி மூடலாம். இதை எழுதி அச்சடித்து ஐயாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஒரு கணினிக்குள் மட்டும் செல்லும் பூட்டான விண்டோஸின் மியூடெக்ஸ் பற்றியும் கேட்பார்கள். ஒரே கணினியில் மென்பொருள் இரண்டாவது முறை திறக்காமல் தடுக்க அது நல்லது. பக்கத்துக் கவுண்டருக்கு அது இருப்பதே தெரியாது.

சேர்வருக்குப் போனால்

இரண்டு கணினிக்கு மேல் ஒரே தரவைத் தொடுகிற எந்தக் கடைக்கும் இன்று என் பதில் சேர்வர்தான். சேர்வர் என்றதும் முதலாளிமார் பயப்படுகிறார்கள், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் போய் இலட்சக்கணக்கில் பெட்டி வாங்கச் சொல்லப்போகிறான் என்று. தேவையில்லை. ஐயாவின் கணினியே போதும். மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம், 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி எல்லை. புடவைக் கடையின் கணக்கு பல வருடத்துக்கு அதைத் தொடாது. போஸ்ட்கிரெஸும் இலவசம், அந்த எல்லையும் இல்லை.

சேர்வரில் தனி உரிமை என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது எஸ்கியூஎல் சேர்வரின் 'சிங்கிள் யூசர்' நிலை. 'ரோல்பேக் இமீடியட்' என்று சேர்த்தால் உள்ளே இருப்பவர்கள் எல்லாரையும் அறுத்தெறிந்துவிட்டு ஒரே ஒரு இணைப்பை மட்டும் அனுமதிக்கும். பெரிய பராமரிப்பு வேலைக்கு, கடை பூட்டிய ஞாயிற்றுக்கிழமை, நீங்களே பக்கத்தில் நின்று செய்வதென்றால் சரி. மென்பொருளுக்குள் இருந்து ஓடவிட நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். அந்த நிலையை வைத்தவரின் இணைப்பு அறுந்தாலும் நிலை மாறாது, தரவுத்தளம் ஒற்றை ஆள் நிலையிலேயே நிற்கும். அந்த ஒற்றை இடத்தில் அடுத்து யார் முதலில் வருகிறாரோ அவர் உட்கார்ந்துகொள்வார். அது மூன்றாம் கவுண்டராக இருந்தால், ஐயா தன் தரவுத்தளத்துக்கே வெளியே நிற்பார். மார்ச்சில் நான் வைத்த 1ஐவிட இது மோசம்.

அட்டவணைகளை ஒவ்வொன்றாகத் தனிப்பூட்டுப் போட்டுப் பிடிப்பது இன்னொரு வழி. ட்ரான்ஸாக்ஷன் முடிந்தால் தானே விட்டுவிடும், அந்தவகையில் நேர்மையானது. ஆனால் பில், ஸ்டொக், வாடிக்கையாளர் நிலுவை என்று பத்து அட்டவணையை எல்லாப் பகுதிகளும் ஒரே ஒழுங்கில் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் கடைசியில் நின்ற இடம் மென்பொருள் பூட்டு. எஸ்கியூஎல் சேர்வரில் 'ஆப் லொக்', போஸ்ட்கிரெஸில் 'அட்வைசரி லொக்', மைஎஸ்கியூஎல்லில் 'கெட் லொக்'. இவை எந்த அட்டவணையையும் தொடாது. 'கடைக்கணக்கு' என்று ஒரு பெயரை வைத்து (போஸ்ட்கிரெஸில் பெயருக்குப் பதில் ஒரு எண்) அந்தப் பெயருக்கு மட்டும் சேர்வரிடம் பூட்டுக் கேட்கிறோம். முதல் இரண்டிலும் பகிர்வுப் பூட்டு, தனிப்பூட்டு என்று இரண்டும் உண்டு. அதைத்தான் நான் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு பில்லும் சேமிக்கும் ட்ரான்ஸாக்ஷனுக்குள் அந்தப் பெயரில் பகிர்வுப் பூட்டு எடுக்கும். நான்கு கவுண்டரும் ஒரே நேரத்தில் எடுக்கலாம், ஒன்றையொன்று தடுக்காது. ஐயா மூடலைத் தொடங்கும்போது மென்பொருள் அதே பெயரில் தனிப்பூட்டுக் கேட்கும். ஓடிக்கொண்டிருக்கும் பில்கள் முடிந்ததும் அவருக்குக் கிடைக்கும். அதற்குப் பிறகு வரும் பில்கள் வாசலில் நிற்கும். ஐயாவின் ட்ரான்ஸாக்ஷன் முடிந்தாலும், மென்பொருள் விழுந்தாலும், பூட்டுத் தானே போய்விடும்.

மென்பொருள் பூட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கேட்பவர்களுக்கு மட்டும்தான் அது பூட்டு. பெயரைச் சொல்லிக் கேட்காமல் நேரே அட்டவணையில் எழுதுகிற எக்செல் இணைப்போ பழைய கருவியோ இருந்தால் அதை இது தடுக்காது. எனவே எழுதும் உரிமையை ஒரே ஒரு பயனருக்குக் கொடுத்து, மற்றக் கருவிகளுக்கு வாசிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள்.

இதில் நான் கடைசியாகக் கற்றது, பில் திரையில் இருக்கும் நேரம். ஒரு வாடிக்கையாளர் எட்டுச் சேலை எடுத்திருக்கிறார், பிள்ளை ஆறை அடித்துவிட்டா, மற்ற இரண்டுக்கும் நிறம் மாற்ற ஆள் உள்ளே போயிருக்கிறார். திரையில் பழைய விலை. அந்த நேரத்தில் ஐயா விலை மாற்றத்தை ஓடவிட்டு முடித்துவிடுகிறார். பூட்டு எடுத்தார், மாற்றினார், விட்டார், எல்லாம் சரியாக நடந்தது. பிறகு பிள்ளை சேமிக்கிறா: ஆறு சேலை பழைய விலையில், இரண்டு புதிய விலையில், ஒரே பில்லில். தரவுத்தளப் பூட்டு எதுவும் இதைப் பிடிக்காது. பில் தொடங்கும்போதே பகிர்வுப் பூட்டை எடுத்து முடியும்வரை வைத்திருந்தால் பிடிக்கும், ஆனால் பாதிப் பில்லோடு யாராவது தேநீர் குடிக்கப் போனால் ஐயா அவ்வளவு நேரமும் காத்திருப்பார். ஆகவே பூட்டைச் சேமிக்கும் கணத்துக்கு மட்டும் வைத்து, விலைப்பட்டியலுக்கு ஒரு எண் கொடுத்தேன். பில் தொடங்கியபோது இருந்த எண்ணும் சேமிக்கும்போது உள்ள எண்ணும் வேறென்றால், 'விலை மாறிவிட்டது, மீண்டும் கணக்கிடுகிறேன்' என்று சொல்லித் திருத்தும்.

கரண்ட் போவதைப் பற்றிய கணக்கும் சேர்வரில் கொஞ்சம் வேறு. மென்பொருள் விழுந்தால் விண்டோஸ் இணைப்பை மூடிச் சேர்வருக்குச் சொல்லிவிடும், பூட்டு அந்தக் கணமே போகும். கவுண்டர் கணினிக்கே கரண்ட் போனாலோ கேபிள் கழன்றாலோ சொல்வதற்கு யாரும் இல்லை. சேர்வர் தானாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். எஸ்கியூஎல் சேர்வர் வழக்கமாக 30 வினாடி அமைதிக்குப் பிறகு கேட்கத் தொடங்கும். போஸ்ட்கிரெஸ் அதை இயங்குதளத்திடம் விட்டுவிடுகிறது, அங்கே வழக்கமான நேரம் இரண்டு மணிநேரம். இரண்டு மணிநேரம் ஒரு செத்த இணைப்பு பூட்டோடு இருந்தால் என் மார்ச் கதை மறுபடியும்தான். போஸ்ட்கிரெஸ் வைப்பவர்கள் 'டிசிபி கீப் அலைவ் ஐடில்' என்ற அமைப்பை 60 வினாடிக்குக் குறையுங்கள். சேர்வர் இருக்கும் கணினிக்கே கரண்ட் போனால் பயமில்லை, எல்லாப் பூட்டும் நினைவகத்தோடு போகும், மீண்டும் எழும்போது முடியாத ட்ரான்ஸாக்ஷன்களை அது திருப்பிவிடும்.

அப்படியானால் எது?

ஒரு கணினி, ஒரு ஆள்: எஸ்கியூலைட், தனியே திறப்பது. ஒரு கணினி, ஆனால் பில் திரையும் அறிக்கைத் திரையும் தனித்தனிப் புரோகிராம்கள்: எஸ்கியூலைட், வால் முறை, எழுதும் எல்லா இடத்திலும் இமீடியட். பல கணினி: சேர்வர், மென்பொருள் பூட்டு, விலைப்பட்டியல் எண். அக்சஸை இன்னும் விட முடியாதவர்கள் மூடலுக்கும் கொம்பெக்டுக்கும் தனியே திறந்து, யார் உள்ளே இருக்கக்கூடும் என்று காட்டுங்கள். அட்டவணையில் 1 வைப்பதை எந்த நிலையிலும் பூட்டாகப் பாவிக்காதீர்கள்.

தகவலாகப் பாவிக்கலாம். மென்பொருள் பூட்டு 'கிடைக்கவில்லை' என்று மட்டும் சொல்லும், யார் வைத்திருக்கிறார் என்று கவுண்டருக்குச் சொல்லாது. மூடல் தொடங்குமுன் ஐயாவின் பெயரையும் நேரத்தையும் ஒரு அட்டவணையில் எழுதுகிறேன். பூட்டுக் கிடைக்காதபோது மட்டுமே கவுண்டர் அதை வாசிக்கும். கரண்ட் போய் அது அழியாமல் கிடந்தாலும் ஒருவரையும் தடுக்காது.

எதைத் தேர்ந்தாலும் கடையில் கொடுக்குமுன் மூன்றையும் செய்து பாருங்கள். மூடல் நடுவில் இருக்கும்போது டாஸ்க் மனேஜரில் புரோகிராமை நிறுத்துங்கள். இன்னொரு முறை வலையமைப்புக் கேபிளைக் கழற்றுங்கள். மற்றொரு முறை அந்தக் கணினியின் பிளக்கையே பிடுங்குங்கள். ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கவுண்டரில் ஒரு பில் சேமிக்க எத்தனை வினாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். பிளக்கைப் பிடுங்க மனம் வராது. ஆனால் கரண்ட் நம்மைக் கேட்டுவிட்டுப் போவதில்லை.

போன மார்ச் மூடலுக்கு நான் கடையிலேயே நின்றேன். ஐயா மேலே தொடங்கியதும் மூன்றாம் கவுண்டரில் ஒரு பில் வாசலில் நின்றது. திரையில்: "ஐயா கணக்கு மூடுகிறார், மேல்மாடி, 5:42இலிருந்து." அதே காஷியர் பிள்ளை வாடிக்கையாளரிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுப் படியடிக்குப் போய் மேலே பார்த்துக் கூப்பிட்டா. "ஐயா, இன்னும் எவ்வளவு நேரம்?" பதில் வருமுன் அவவின் பிரிண்டர் ஓடத் தொடங்கியது.